முறைவேட்டை: நீலகிரி விதியும் செஞ்சிக் காட்டு வலையும்

விலங்கு தப்பிப் பிழைக்க உண்மையான வழி இருக்க வேண்டும். அந்த வழியை அடைக்கும் கருவியையும் உபாயத்தையும் வேட்டைக்காரர் தாமாகவே விலக்க வேண்டும். முறைவேட்டையின் அடிப்படை இந்த இரண்டும்தான். அமெரிக்காவில் இதற்கு ‘ஃபேர் சேஸ்’ என்று பெயர். இப்படிப்பட்ட வேட்டைக்குத் திட்டமிடுவது துப்பாக்கியைத் துடைத்து எடுப்பதில் தொடங்குவதில்லை. எந்த விலங்கு, ஆணா பெண்ணா, எந்தப் பருவம், எந்தக் கருவி, எந்த எல்லைக்குள் என்ற கேள்விகளுக்கு விடை கிடைத்த பிறகுதான் காட்டுக்குள் கால் வைக்க முடியும். விடையில் பெரும்பகுதி வேட்டைக்காரர் கையில் இல்லை. சட்டம் அதை முன்பே எழுதி வைத்திருக்கிறது. அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் யார், யாருடைய வேட்டை முறையானது என்று அதில் பதிந்தது என்பதுதான் தமிழ்நாட்டு வரலாற்றில் கவனிக்க வேண்டியது.

அமெரிக்காவில் இந்தக் கருத்தை விதியாக வகுத்த அமைப்பு பூன் அண்ட் கிராக்கெட் கிளப். தியடோர் ரூஸ்வெல்ட் 1887இல் அதைத் தொடங்கினார். சந்தைக்காகச் சுட்டுக் குவித்தவர்கள் காட்டெருமை மந்தைகளை ஏறத்தாழ இல்லாமல் ஆக்கியிருந்த காலம் அது. பொறியில் சிக்கிய கரடியைக் கொல்வது, இரவில் நெருப்பொளி காட்டி மானைச் சுடுவது, ஆழ்பனியில் கால் புதைந்து ஓட முடியாத மூஸ் மானை வீழ்த்துவது, நீரில் நீந்தும் விலங்கைப் படகிலிருந்து கொல்வது ஆகியவை முறையல்ல என்று கிளப்பின் தொடக்ககால விதிகளே சொல்லின. விலங்கு எங்கே இயலாமல் நிற்கிறதோ அங்கே அதைத் தொடக்கூடாது என்பதே இந்தப் பட்டியலின் சாரம். வேலியடைத்த பண்ணையில் வளர்த்த விலங்கைச் சுடுவது இந்த வரையறைக்குள் வராது. கட்டின்றித் திரியும், அந்த மண்ணுக்கே உரிய காட்டு விலங்கு மட்டுமே அதற்குள் வரும்.

இன்று அங்கே எல்க், மூஸ், பிராங்ஹார்ன், பெருங்கொம்பு ஆடு போன்றவற்றை வேட்டையாட விரும்புபவர் பல மாதங்களுக்கு முன்பே மாநில வனவிலங்குத் துறைக்கு விண்ணப்பிக்கிறார். தேவை அதிகமுள்ள இடங்களில் குலுக்கல்தான். பெருங்கொம்பு ஆட்டுக்கான அனுமதிக்குப் பல ஆண்டுகள் தொடர்ந்து விண்ணப்பித்தும் பெயர் வராமல் போவது அங்கே சாதாரணம். கிடைக்கும் அனுமதிச் சீட்டில் விலங்கும், பெரும்பாலும் அதன் பாலும், வேட்டைப் பகுதியும், தேதியும் குறிக்கப்பட்டிருக்கும். வில்லுக்கு ஒரு பருவம், குழல்வாய் வழியே மருந்து கெட்டிக்கும் பழைய வகைத் துப்பாக்கிக்கு ஒரு பருவம், ரைஃபிளுக்கு ஒரு பருவம் என்று பிரித்திருக்கிறார்கள். அலாஸ்காவில் விமானத்தில் வந்திறங்கியவர் அதே நாளில் பெரும்பாலான பெருவிலங்குகளைச் சுட முடியாது. மேலிருந்து பார்த்து வைத்துக்கொண்டு நேரே போய் நிற்பதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. பல மாநிலங்களில் இறைச்சியைக் காட்டில் விட்டு வருவது குற்றம். துப்பாக்கி, தோட்டா விற்பனை மீதான வரியை 1937ஆம் ஆண்டுச் சட்டம் வனவிலங்குப் பணிக்கென்றே ஒதுக்கியதால், வேட்டைக்காரர் செலவிடும் பணத்தில் ஒரு பகுதி விலங்குகளின் பராமரிப்புக்கே திரும்புகிறது.

இந்த நெறிக்குப் புகழ் தேடித் தந்த கதையிலேயே அதன் ஓட்டையும் இருக்கிறது. 1902இல் மிசிசிப்பியில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டுக்காக ஒரு கரடியைப் பிடித்து மரத்தில் கட்டி வைத்தார்கள். கட்டிய கரடியைச் சுட மாட்டேன் என்று அவர் மறுத்தார். செய்தித்தாளில் கேலிச்சித்திரம் வந்தது. ‘டெடி’ பொம்மை பிறந்தது. ஆனால் அடிபட்டிருந்த அந்தக் கரடியைக் கத்தியால் கொன்று முடிக்கச் சொன்னவரும் அவரே. தடம் பார்த்து, நாய்களை ஏவி, கரடியை அடக்கிக் கட்டியவர் ஹோல்ட் கோலியர் என்ற கறுப்பின வழிகாட்டி, அடிமையாகப் பிறந்தவர். நெறியின் பெருமை சுட மறுத்தவருக்குப் போயிற்று. வேட்டையின் திறமை யாருடையது என்பதைக் கேலிச்சித்திரம் சொல்லவில்லை.

பூன் அண்ட் கிராக்கெட் கிளப்புக்குப் பத்தாண்டு முன்பே, 1877இல், நீலகிரியில் ஆங்கிலேயர் ஒரு வேட்டைச் சங்கம் அமைத்துவிட்டனர். நீலகிரி கேம் அசோசியேஷன் என்ற அந்தச் சங்கம் பிற்காலத்தில் பெயர் மாறி, வனவிலங்கு, சுற்றுச்சூழல் சங்கமாக இன்றும் இயங்குகிறது. சங்கத்தின் முயற்சியோடு 1879இல் வந்தது சென்னை மாகாணத்தின் இரண்டாம் எண் சட்டம்: நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம். காட்டெருது, கடமான், வரையாடு, கேளையாடு, பிற மான்கள், முயல், காட்டுக்கோழி, மயில், கவுதாரி, காடை ஆகியவை அதில் வேட்டை விலங்குகளாக இடம்பெற்றன. வேட்டை கூடாத மூடுபருவத்தை அரசு அறிவிக்கும். மற்றக் காலத்தில் உரிமம் பெற்றவரே வேட்டையாடலாம். யானைக்கென ஒரு தனிச் சட்டத்தைச் சென்னை மாகாணம் 1873இலேயே இயற்றியிருந்தது.

சட்டத்தின் அவசரத்துக்கு ஒரு காரணம் வரையாடு. ஆங்கிலேயர் அதை ‘ஐபெக்ஸ்’ என்று தவறாக அழைத்தார்கள். ஐபெக்ஸ் வேறு இனம். ஆனாலும் தவறான பெயர் சட்டத்திலேயே ஏறிவிட்டது. உதகைக்கு மேற்கே குந்தா மலைகளிலும் முக்குருத்திச் சரிவுகளிலும் புல்வெளி முடிந்து பாறை செங்குத்தாக இறங்கும் விளிம்புதான் இதன் வாழிடம். ஆபத்து எப்போதும் கீழிருந்து வரும் என்பது போல வரையாட்டுக் கூட்டம் சரிவை நோக்கியே காவல் பார்க்கும். மூத்த பெட்டை ஒன்று பாறைமேல் நின்றிருக்கும். ஆகவே அனுபவமுள்ள வேட்டைக்காரர் விடியற்காலையில் மலையுச்சியைச் சுற்றி, காற்றுக்கு எதிர்முகமாக, மேலிருந்து இறங்குவார். மூடுபனி ஒரு நிமிடத்தில் மலையை மறைக்கும். மறு நிமிடத்தில் திறக்கும். சுட்ட ஆடு பள்ளத்தில் விழுந்தால் எடுக்கவே முடியாது.

சங்கத்து மரபில் சுடத் தகுந்தது ‘சேடில்பேக்’ மட்டுமே. முதிர்ந்த கிடாயின் கருமையான உடலில் முதுகின்மேல் சேணம் போட்டாற்போல வெள்ளி நிறம் படரும், அதுதான் அடையாளம். பெட்டையையும் இளங்கிடாயையும் விட்டுவிட வேண்டும். மந்தையில் எது முதிர்ந்தது என்று தூரத்திலிருந்து கணிக்கத் தெரியாதவர் வரையாட்டு வேட்டைக்கு ஏற்றவரல்லர். வட அமெரிக்காவில் பெருங்கொம்பு ஆட்டின் கொம்பு வளையத்தைத் தொலைநோக்கியில் பார்த்து வயது கணிப்பவர் செய்வதும் ஏறக்குறைய இதையே. பருவம், பால், வயது, எண்ணிக்கை என்ற நான்கு வரம்புகளும் இந்தியாவில் ஒன்றுசேர்ந்து நடைமுறைக்கு வந்த இடங்களில் ஒன்று நீலகிரி என்று சொல்வது மிகையாகாது. மூணாற்றுத் தேயிலைத் தோட்டக்காரர்களும் இரவிகுளம் புல்வெளியை இப்படியே வேட்டைக்காடாகக் காத்தனர். அந்த மலைப் பழங்குடியினரான முதுவர்கள் காவலர்களாக இருந்தார்கள். அந்தக் காடு 1975இல் சரணாலயமாகவும் 1978இல் தேசியப் பூங்காவாகவும் ஆயிற்று. இன்று வரையாடுகள் மிகுதியாக வாழும் இடங்களில் அது ஒன்று.

ஆனால் இந்த முறை யாரை வெளியே நிறுத்தியது? 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி இந்தியர் துப்பாக்கி வைக்க உரிமம் வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. நல்ல ரைஃபிள் யார் கையில் இருந்ததோ, அவருடைய வேட்டையே விளையாட்டு ஆயிற்று. வலை, கண்ணி, குழி, பொறி ஆகியவை கள்ள வேட்டை ஆயின. நீலகிரிப் பழங்குடிகளான இருளரும் குறும்பரும் வலை போட்டது இறைச்சிக்காக. கொம்பின் நீளத்துக்காக அல்ல. பெட்டையைக் கொல்வதால் இனம் குன்றும் என்ற வாதத்தில் உண்மை உண்டு. அதை மறுக்க முடியாது. ஆனால் கருவியின் மீது விழுந்த பழியில் பாதி, அதைப் பிடித்திருந்த கையைப் பற்றியது. சுடத்தகாத விலங்கு என்று ஒரு வகை இருந்தது போல, எப்படியும் கொல்லலாம் என்று மற்றொரு வகையும் இருந்தது. மானைத் தின்னும் செந்நாய் வேட்டைக்காரருக்குப் போட்டி; அதைக் கொன்றவருக்கு 20ஆம் நூற்றாண்டிலும் வெகுமதி கிடைத்தது. அதற்கு மூடுபருவமும் இல்லை, தப்பும் வாய்ப்பைப் பற்றிய பேச்சும் இல்லை.

சுதந்திர இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை ஒரேயடியாக ஒழித்தது என்ற எண்ணம் பரவலாக உண்டு. அது சரியன்று. முதல் பட்டியல் விலங்குகளைத் தவிர்த்த மற்றவற்றுக்குச் சிறப்பு வேட்டை, பெருவேட்டை, சிறுவேட்டை என மூன்று வகை உரிமங்களை அச்சட்டமே வகுத்திருந்தது. விலங்கு பிடிப்பதற்குத் தனி உரிமம். குட்டியையும், பெண் விலங்கையும், கொம்பில் மென்தோல் உதிராத மானையும் தனி அனுமதி இல்லாமல் தொடக்கூடாது என்றது ஒரு பிரிவு. 17ஆம் பிரிவைப் படிப்பவருக்கு அமெரிக்கக் கிளப்பின் விதிகளைப் படிப்பது போலவே தோன்றும். ஓடும் வண்டியிலிருந்தோ விமானத்திலிருந்தோ சுடக்கூடாது; வண்டியைக் கொண்டு விலங்கைக் கலைத்து விரட்டவும் கூடாது. நஞ்சு, வெடி, வலை, குழி, கண்ணி கூடாது. காட்டுக்குத் தீ வைக்கக் கூடாது. செயற்கை விளக்கொளி கூடாது. பொழுது சாய்ந்தபின் பொழுது விடியும்வரை வேட்டை கூடாது. உப்புமண் நக்கும் இடத்திலும், நீர்நிலைக் கரையிலும், அங்கே செல்லும் தடத்திலும் காத்திருக்கக் கூடாது. நீர்ப்பறவை போன்ற சிலவற்றுக்கு மட்டும் இதில் விலக்கு. பெருவிலங்கை ரைஃபிளால்தான் சுட வேண்டும். சிறுகுண்டுகள் சிதறும் துப்பாக்கியால் காயப்படுத்தி விடக்கூடாது. நாயின் உதவி கவுதாரி, காடை, நீர்ப்பறவை போன்ற சிலவற்றுக்கு மட்டுமே.

தாகத்துக்கு வரும் விலங்கைத் தண்ணீர்க் கரையில் கொல்வது இழிவு என்ற உணர்வு நாட்டுப்புறத்திலும் உண்டு. 1972ஆம் ஆண்டுச் சட்டம் அதை நுணுக்கமாக எழுதி வைத்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் இந்த உரிமங்களை எடுத்துவிட்டது. 14 முதல் 17 வரையிலான பிரிவுகள் அதோடு நீங்கின. வேட்டையே இல்லை என்றபின் முறைவேட்டை விதிக்கு வேலை இல்லை என்பது சட்டத்தின் தர்க்கம். விளைவு வேறு. ஒரு முயலைப் பகலில் துரத்திப் பிடிப்பதும், நஞ்சு வைத்துக் குளம் முழுவதும் பறவைகளைக் கொல்வதும் ஒரே தடையின் கீழ் வந்தன. வேட்டையில் இழிந்தது எது, பொறுக்கத்தக்கது எது என்று பிரித்துச் சொல்லும் மொழி சட்டத்திலிருந்து மறைந்தது.

மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கினால் கதை இன்னும் வேறு. செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் இடையே உள்ள வல்லம் வட்டாரத்தில் பெருவேட்டைக்குரிய விலங்கு இல்லை. பாறைக் குன்றுகளும் முட்புதர்க் காடும், இடையிடையே ஏரிகளும் கடலைக் கொல்லைகளும் நெல்வயல்களுமே இருக்கின்றன. இங்கே வேட்டை என்றால் முயல், கவுதாரி, காடை, உடும்பு, காட்டுப்பன்றி. முயல் வேட்டைக்கு ஊர் ஆட்கள் கூட்டாகப் போவது வழக்கமாக இருந்தது: முயல் ஓடும் தடம் பார்த்துப் புதர் ஓரமாக வலை கட்டிவிட்டு, எதிர்ப்புறமிருந்து தடியால் புதரை அடித்தபடி நாயோடு வருவார்கள். முயல் வலையைத் தாண்டி ஓடினால் ஓடியதுதான். இதற்கு நேர் எதிரானது நெற்றி விளக்கு வேட்டை. ஒளி கண்ணில் பட்டதும் முயல் அசையாமல் உட்கார்ந்துவிடும். அதற்குத் தப்பும் வழி இல்லை. நரிக்குறவர்கள் பழகிய பறவையைப் பார்வையாக வைத்துக் கவுதாரிகளை அழைத்துக் கண்ணியில் பிடித்தார்கள். 17ஆம் பிரிவின் அளவுகோலில் வலையும் கண்ணியும் விளக்கும் மூன்றுமே குற்றம். தப்பும் வாய்ப்பு என்ற அளவுகோலில் பார்த்தால் விளக்கு ஒரு பக்கமும் முயல் வலை மறுபக்கமும் நிற்கும். காணும் பொங்கலன்று கோயில் உற்சவர் பாரிவேட்டைக்குப் புறப்படும் சடங்கு பல ஊர்களில் இன்னமும் நடக்கிறது. அதையொட்டி முயல் வேட்டைக்குப் போவோரை வனத்துறை எச்சரிப்பதும் ஆண்டுதோறும் நடக்கிறது.

வேட்டையைத் தடுத்த ஊர்களும் இந்தப் பக்கத்தில் உண்டு. திண்டிவனத்துக்கு வடக்கே வேடந்தாங்கல் ஏரியில் தங்கும் பறவைகளைத் துப்பாக்கிக்காரர் சுடுவதை எதிர்த்து ஊரார் முறையிட்டனர். செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் 1798இல் பாதுகாப்பு அளித்தார்; 1858இல் அது மறுபடி உறுதி செய்யப்பட்டது. பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்ற கணக்கும் அதில் இருந்தது. நீலகிரிச் சட்டத்துக்கு 80 ஆண்டு முந்தியது இது. சுடுபவர் எழுதாமல், சுடாதவர் கேட்டு வாங்கிய விதி. இதே வட்டாரத்தில், மரக்காணம் பக்கத்துக் கழுவெளியும் 2021இல் பறவைகள் சரணாலயம் ஆயிற்று. 2024இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

கடலைக் கொல்லைக்காரருக்கு இன்றுள்ள சிக்கல் காட்டுப்பன்றி. ஓர் இரவில் ஒரு கூட்டம் கொல்லையை உழுதது போலக் கிளறிவிடும். கோபத்தில் சிலர் வேலியில் மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். வேறு சிலர் வெடிமருந்தை உணவில் பொதிந்த அவுட்டுக்காயை வைக்கிறார்கள். அவுட்டுக்காய் பன்றியின் தாடையைப் பிளந்து, உடனே சாகவிடாமல் நாள்கணக்கில் வதைக்கும். மாடும் நாயும் கடித்தாலும் அதே கதிதான். மின்வேலியில் மனிதர்களே செத்திருக்கிறார்கள். தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் வகுத்த நடைமுறை தூரத்தைக் கொண்டு பிரிக்கிறது. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர்வரை கூண்டு வைத்துப் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம்; சுடுபவர் வனத்துறைப் பணியாளராகவே இருக்க வேண்டும். கேரளம் 2022இலேயே உள்ளாட்சித் தலைவர்களுக்கு அனுமதி வழங்கும் அதிகாரம் கொடுத்து, உரிமத் துப்பாக்கி உள்ளவர்களைப் பயன்படுத்தியது. நஞ்சும் வெடியும் மின்சாரமும் அங்கேயும் கூடாது. இது வேட்டை அல்ல, சேதத் தடுப்பு என்பது இரு அரசுகளின் நிலை. ஆனாலும் எந்த விலங்கு, எந்த எல்லை, எந்தக் கருவி, யார் கை என்று மறுபடியும் எழுத வேண்டி வந்துவிட்டது. குட்டியோடு திரியும் பன்றியைப் பற்றிய கேள்வியும் கூடவே எழும். 1991இல் நீங்கிய பழைய பிரிவு அதற்கு ஒரு விடை வைத்திருந்தது.

பருவம், எண்ணிக்கை, கருவி, பகுதி என்ற வரம்புகளோடு உரிமம் பெற்று நடக்கும் ஒரு வேட்டை தமிழ்நாட்டில் இன்னும் இருக்கிறது. அதைச் செய்பவர்கள் நீலகிரிச் சட்டம் வெளியே நிறுத்திய இனப்பெயரை உடையவர்கள். வட மாவட்டச் சமவெளி இருளர்கள் ஒரு காலத்தில் தோல் வியாபாரிகளுக்காகப் பாம்பு பிடித்தார்கள். 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்ததும் பிழைப்பு அறுந்தது. 1978இல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரின் முன்முயற்சியில் மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. விஷமுறிவு மருந்துக்காகப் பாம்பு விஷம் எடுப்பதற்கு வனவிலங்குச் சட்டத்தின் 12ஆம் பிரிவு இடம் தருகிறது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்கில் எத்தனை எத்தனை பிடிக்கலாம் என்று அரசு எண்ணிக்கை குறித்து அனுமதி அளிக்கிறது.

கருவி ஒரு கடப்பாரையும் ஒரு பையும். வரப்பில் எலி வளை எது, அதில் பாம்பு நுழைந்ததா, நுழைந்தது எந்தப் பாம்பு, இன்னும் உள்ளே இருக்கிறதா என்பதை மண்ணில் பதிந்த தடத்தாலும், எச்சத்தாலும், உரித்த சட்டையாலும் சொல்லிவிடுவார்கள். வளையைத் தோண்டும்போது கடப்பாரை பாம்பின்மேல் படக்கூடாது. அடிபட்ட பாம்பு சங்கத்துக்கு ஆகாது. பிடித்த பாம்பு மண்பானையில் சில வாரம் இருக்கும்; வாரத்துக்கு ஒருமுறை விஷம் எடுப்பார்கள்.

2017 ஜனவரியில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர்களை ஃபுளோரிடாவுக்கு அழைத்துப் போனார்கள். அங்கே மியான்மர் மலைப்பாம்பு அயல் இனமாகப் பெருகி முயல், ரக்கூன், மான் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டிருந்தது. மண்ணுக்குரிய விலங்கு அல்லாததால் அது ‘ஃபேர் சேஸ்’ வரையறைக்குள்ளேயே வராது. உள்ளூர்க்காரர்கள் வண்டியில் கரையோரச் சாலைகளில் போய்த் தேட, இவர்கள் இறங்கிப் புதருக்குள் நடந்தார்கள். முதல் எட்டு நாளில் 13 பாம்புகள் சிக்கின. அதில் ஒன்று 16 அடி நீளப் பெட்டை. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

வடநெம்மேலியில் விஷம் எடுத்து முடித்த பாம்பின் வயிற்றுச் செதிலில் சிறு வெட்டு ஒன்று இடுவார்கள். பிறகு அதைக் காட்டில் விட்டுவிடுவார்கள். அடுத்த முறை தோண்டும்போது அந்த அடையாளத்தோடு கிடைக்கும் பாம்பை எடுப்பதில்லை.